செந்நாய் என்று எழுத மாட்டேன்

எங்கள் பக்கத்தில் எந்த விலங்கும் தன் சொந்தப் பெயரில் செத்ததில்லை. மரநாய் கருஞ்சிறுத்தை என்ற பெயரில் அடிபட்டுச் செத்திருக்கிறது. சாரைப்பாம்பு எப்போதுமே நாகப்பாம்பாகத்தான் சாகும். தேயிலைச் செடிக்கடியில் காட்டுப்பூனை போட்ட குட்டிகளைச் சிறுத்தைக் குட்டிகள் என்று தூக்கி, ஆளாளுக்கு மடியில் வைத்து ஃபோட்டோ எடுத்து, தாயிடமிருந்து பிரித்துவிட்ட கதையும் நடந்திருக்கிறது. விஷயம் தெரிந்த பிறகு, "அடடா, பூனைங்களா!" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கால்நடை மருத்துவர். சொந்த ஊர் குன்னூர். வேலை ஓவேலிப் பக்கத்தில் ஒரு சின்ன மருந்தகத்தில். கணவருக்கு அங்கே ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை என்பதால் எஸ்டேட் குவார்ட்டர்ஸிலேயே குடியிருக்கிறோம். பசு கன்று போட முடியாமல் தவித்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள், கோழி தும்மினாலும் கூப்பிடுவார்கள். அது போதாதென்று, கொழுந்து பறிக்கப் போன இடத்தில் எதையாவது பார்த்தால் மங்கலாக ஒரு படம் எடுத்து அனுப்பி, "டாக்டரம்மா, இது புலியா சிறுத்தையாங்க?" என்று கேட்பார்கள். ஒரு தடவை பார்த்தால் அனுப்பியவர் வீட்டுப் பூனையேதான். "ஏனுங்க, இது உங்க ஊட்டுப் பூனைங்க" என்றேன். "நல்லாப் பாருங்க, முறைக்கிறது வேற மாதிரி இருக்குதுங்க" என்றார். சோறு போடாமல் இருந்தால் முறைக்காமல் கொஞ்சுமா என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தேன்.

பெயர் மாறினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கிறவர்கள் உண்டு. குடிதான் முழுகும். எங்கே கூண்டு வைப்பது, எதை விரட்டுவது, எதைச் சீண்டாமல் விடுவது, யாருக்கு இழப்பீடு கொடுப்பது, எல்லாமே அந்தப் பெயரிலிருந்துதான் ஆரம்பிக்கும். பெயரைத் தப்பாக எழுதினால் அதற்குப் பிறகு எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் அத்தனையும் தப்பாகத்தான் முடியும். இதை நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பார்த்தாயிற்று. டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பி வைப்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தை மாதம். எஸ்டேட்டுக்கு மேலே புல்வெளி, அதற்கு மேலே சோலைக்காடு. அந்தச் சோலையில் ஒரு பாறை இடுக்கில் செந்நாய்க் கூட்டம் ஒன்று குட்டி போட்டிருந்தது. எங்கள் பகுதி வனக் காப்பாளர் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார், அதற்குக் காரணம் இருந்தது. வீட்டு நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் நோய் செந்நாய்களுக்கும் தொற்றும். தொற்றினால் கூட்டத்தையே வாரிக்கொண்டு போய்விடும். அதனால் லயத்து நாய்களுக்கெல்லாம் ஊசி போட்டுவிடுவோம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்து வீடு வீடாக ஏறி இறங்கினோம். லயம் என்பது தொழிலாளர் வீட்டு வரிசை. அங்கே என் கையில் ஊசி வாங்காத நாய் ஒன்றுகூட மிச்சமில்லை. முடித்துவிட்டு வரும்போது அவர் கேமராவில் பதிவான படத்தைக் காட்டினார். புகை நிறத்தில் உருண்டை உருண்டையாகக் குட்டிகள், ஒன்றன் காதை ஒன்று கடித்துக்கொண்டு. எனக்கு அவற்றின்மேல் ஆசையாகிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் வீட்டிலும் ஒரு நாய். செம்பட்டை நிறம். குட்டியாக இருக்கும்போது ஜீப் சக்கரத்தில் சிக்கிப் பின்கால் முறிந்து, நானே கட்டுப் போட்டேன். கால் சேர்ந்துவிட்டது. ஆனால் வேகமாக ஓடும்போது மட்டும் அந்தக் காலை நடுநடுவே தூக்கித் தூக்கி ஓடும். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மாதா கோயிலுக்கு வந்து, வாசலில் செருப்புகளுக்கு நடுவே படுத்துப் பூசை முடியும்வரை காத்திருக்கும். பங்குச்சாமிக்கே அதைத் தெரியும். ராத்திரியில் எல்லாரையும் போல நாங்களும் அதை அவிழ்த்து விட்டுவிடுவோம். எங்கள் எஸ்டேட்டில் யாரும் ராத்திரி நாயைக் கட்டிப் போட மாட்டார்கள். கட்டிப் போட்ட நாய் சிறுத்தைக்கு எடுத்து வைத்த சாப்பாடு. அவிழ்த்து விட்டால் ஓடியாவது பிழைக்கும். அவிழ்த்துவிட்ட அத்தனை நாயும் ஒன்று சேர்ந்து விடியும்வரை எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் காபி ஆறுவதற்குள் ஃபோன் அலற ஆரம்பித்தது. லயத்துக் கடைசி வீட்டு அக்காவின் கன்றைச் செந்நாய் அடித்துவிட்டதாம். அந்த அக்கா இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் அப்பா அம்மாவோடு இங்கே வந்தவர். காலமெல்லாம் கொழுந்து பறித்து, வேலையிலிருந்து நின்றபின் ஒரு பசுவை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறார். அந்தக் கன்று வயிற்றில் திரும்பிக் கிடந்தபோது கையை விட்டு இழுத்து எடுத்தவள் நான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

புல்வெளியில் ஊரே திரண்டிருந்தது. கன்றுக்குப் பக்கத்தில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துக்கம் என்று நினைத்தேன்.

வார்டு மெம்பர் நேராக என்னிடம் வந்தார். "டாக்டரே, செந்நாய் கடிச்சதுன்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். காட்டு மிருகம் அடிச்சாத்தான் ஃபாரெஸ்ட்ல இழப்பீடு குடுப்பாங்க, பாவம், அதாவது வரட்டும்."

"முதல்ல கன்னைப் பாக்க விடுங்க."

"பாக்க என்ன இருக்கு? வீடியோவே இருக்கு."

யாரோ ஃபேக்டரி ரோட்டிலிருந்து விடியற்காலை மூடுபனியில் எடுத்த வீடியோ. 'செந்நாய்களின் வெறியாட்டம்' என்று தலைப்பு வைத்து, சினிமாப் பாட்டு ஒன்றையும் சேர்த்து, கூடலூர்வரை அனுப்பியாகிவிட்டது. நான் அதை அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குனிந்து கன்றைப் பார்த்தேன்.

செந்நாய்க்கு வேட்டை பிழைப்பு. பின்பக்கத்திலிருந்து தாக்கும், வயிற்றைத் திறக்கும், ஒரு கூட்டம் சேர்ந்தால் இத்தனை சின்னக் கன்றில் எலும்பும் தோலும்கூடச் சரியாக மிஞ்சாது. இந்தக் கன்று முழுசாகக் கிடந்தது. காது கிழிந்திருந்தது. மூக்கில் கடி, கன்னத்தில் கடி, நாலு காலிலும் கடி, வாலில் கடி. தோலைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டிருந்ததே தவிர, தின்றது ஒரு கைப்பிடிகூட இருக்காது. பசித்த மிருகம் இப்படிச் செய்யாது. வயிறு நிறைந்த மிருகம், கூட்டம் சேர்ந்த உற்சாகத்தில், விளையாட்டாகத் தொடங்கிச் செய்த வேலை இது. சோறு எங்கே கிடைக்கும் என்ற கவலை இல்லாத மிருகம். காலடித் தடத்தை வைத்துச் சொல்லச் சொன்னால் நானே திணறுவேன், வீட்டு நாய்க்கும் செந்நாய்க்கும் அவ்வளவு ஒற்றுமை. கடியைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

எழுந்து நின்று வீடியோவை வாங்கிப் பார்த்தேன். செம்பட்டையாக ஏழெட்டு உருவங்கள் பனிக்குள் ஓடுகின்றன. செந்நாயின் வால் புசுபுசுவென்று, கறுத்து, கீழே தொங்கும். இதில் பாதி வால்கள் மேலே சுருண்டிருந்தன. செந்நாயின் காது வட்டமாக விறைத்து நிற்கும். இதில் ஒன்றுக்குக் காது மடங்கித் தொங்கியது. சரிதான் என்று நினைத்த அதே நொடியில் கடைசியாக ஓடிவந்த உருவத்தைப் பார்த்தேன். அது பின்கால் ஒன்றை நடுநடுவே தூக்கித் தூக்கி ஓடியது.

இயேசுவே! அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டவள் நான். மூடுபனி என்ன, இருட்டிலும் அந்த ஓட்டம் எனக்குத் தெரியும்.

அதே நேரத்தில் கணவர் ஃபோன் செய்தார். அவருக்கும் வீடியோ வந்துவிட்டது. "நம்ம நாயி மாதிரியே இருக்குது. நீ ஒண்ணும் பேசாத. தெரியலைன்னு சொல்லீட்டு வந்துரு. நாம இந்த எஸ்டேட்ல குடியிருக்கோணும்."

"மாதிரி இல்லைங்க. நம்ம நாய்தான்."

"அதுக்குத்தான் சொல்றேன், வாயத் தொறக்காத."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. செந்நாய் என்று ஒரு வார்த்தை எழுதினால் அத்தனை பேருக்கும் நல்லவளாகிவிடுவேன். அக்காவுக்கு இழப்பீடு. லயத்துக்கு நிம்மதி. என் நாய்க்கு ஒன்றும் ஆகாது. செந்நாய் வந்து இல்லை என்று சாட்சி சொல்லப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தானே இத்தனை பேர் பேசுகிறார்கள் என்று நினைத்தபோது கோபம் தலைக்கு ஏறியது.

கூட்டத்தின் பின்னால் ஒருவர் கையில் மஞ்சப்பை வைத்திருந்தார். பைக்குள் பாட்டில். தேயிலைக்கு அடிக்கிற மருந்து. செத்த கன்றில் ஊற்றி அப்படியே விட்டுவிட்டால், திரும்பித் தின்ன வருகிற செந்நாய்க் கூட்டம் ஒரே ராத்திரியில் ஒழிந்துவிடும் என்று பேசி முடித்திருந்தார்கள். வனக் காப்பாளர் வந்து சேர்ந்ததும் பை துண்டுக்கடியில் போய்விட்டது. அவர் மேலே சோலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குட்டிகள் பாறை இடுக்கைவிட்டு வெளியே வரத் தொடங்கியிருந்த நேரம் அது. தாய் தின்றுவிட்டுப் போய்க் கக்கித்தான் குட்டிகளுக்கு ஊட்டும்.

"இது செந்நாய் இல்லை" என்று சத்தமாகச் சொன்னேன். "கன்னைப் புதைக்கோணும். இப்பவே."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மெம்பர் கையமர்த்தினார். "பின்ன எது? புலியா?"

"நாய். லயத்து நாய்."

"எங்க நாயி கோழியைக்கூடத் தொடாது" என்றார் மஞ்சப்பைக்காரர்.

"பகல்ல தொடாது. ராத்திரி அவுத்துவிட்ட பின்னாடி அது என்ன செய்யுதுன்னு நீங்க கூடவே போய்ப் பாத்தீங்களா? செந்நாய் குரைக்காது, விசிலடிக்கும். விடியக்காலையில இங்க குரைச்ச சத்தம் யாருக்குமே கேக்கலையா? அத்தனை பேர் காதும் தூங்கிருச்சா?"

ஒருவர் செருப்பில் ஒட்டிய புல்லை ரொம்பக் கவனமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மருந்து வைக்கப் போறீங்களா? வையுங்க" என்றேன். "துண்டுக்கடியில ஒளிக்க வேண்டாம், நல்லாத் தெரியுது. ராத்திரி இந்தக் கன்னைத் தேடி யாரு வருவாங்கன்னு நினைக்கிறீங்க? ருசி கண்டவன்தான் வருவான். காலையில எந்தெந்த ஊட்டு வாசல்ல எந்த நாய் செத்துக் கிடக்குதுன்னு எண்ணிக்கலாம்."

பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மஞ்சப்பைக்காரர் என்னைவிடக் கெட்டிக்காரர். "அதுக்கென்ன, இன்னிக்கு ஒரு ராத்திரி நாயெல்லாம் ஊட்டுக்குள்ள போட்டுப் பூட்டிக்கலாம். அப்ப வர்றது செந்நாய்தானே?" என்றார். பலர் தலையாட்டினார்கள். வனக் காப்பாளர், விஷம் வைத்தால் கேஸ் ஆகும் என்று சொல்லிப் பார்த்தார். யார் வைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். செத்ததைத் தின்று பிழைக்கிற மாயாற்றுப் பக்கத்துப் பாறுக் கழுகும் இதைத் தின்றால் சாகும் என்றார். கழுகுக்கும் சேர்த்துப் பரிந்து பேசுறீங்களா என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

"பூட்டத் தெரியுதுல்ல? அப்ப நேத்து ஏன் பூட்டலை?" என்று கத்தினேன்.

"சும்மா நாய் நாய்ங்கறீங்க" என்று மெம்பர் குரலை உயர்த்தினார். "யாரோட நாயி? ஒரு நாயைக் காட்டுங்க பாப்போம். பொத்தாம்பொதுவா ஊரு மேல பழி போடாதீங்க, டாக்டரே."

"காட்டறேன்" என்றேன். வீடியோவைக் கடைசிக்கு ஓட்டி அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இந்தக் காலைத் தூக்கித் தூக்கி ஓடறது தெரியுதா? இது என் நாய். கோயில் வாசல்ல படுத்திருக்குமே, அதேதான். நீங்ககூட பிஸ்கட் போட்டிருக்கீங்க."

கூட்டம் ஃபோனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தது. என் குரல் நடுங்கவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அப்போதும் விடவில்லை. "சரி, உங்க நாயி ஒண்ணு கூடப் போயிருக்கும். மத்ததெல்லாம் செந்நாய்" என்றார் மஞ்சப்பைக்காரர்.

"என் நாயும் செந்நாயும் சேந்து வேட்டைக்குப் போச்சா? கூட்டணியா? செந்நாய்க் கூட்டத்துல போய் நின்னா என் நாயைத்தான் அது முதல்ல கிழிக்கும். யாருக்குக் காது குத்தறீங்க?"

சிலர் சிரித்துவிட்டார்கள். ஆனால் பாட்டில் பைக்குள்ளேயேதான் இருந்தது. என் வாயால் அதை வெளியே எடுக்க வைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் வனக் காப்பாளரும் எவ்வளவு நேரம் காவல் இருக்க முடியும்? நாங்கள் திரும்பிய மறு நிமிஷம் ஊற்றிவிடுவார்கள். பேசாமல் கன்றுக்குப் பக்கத்தில், ஈரப் புல்லில், அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தேன். சேலை நனைந்தது. "குழி வெட்டற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க" என்றேன்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத அக்கா தலையைத் தூக்கினார்.

"கொரைச்சிச்சு" என்றார்.

மெம்பர் குனிந்தார். "என்னக்கா?"

"விடியக்காலையில கொரைச்சிச்சு. நான் கேட்டேன். எந்திரிச்சு வெளிய வந்தும் பாத்தேன். நாயிங்கதான்."

"பின்ன ஏன்க்கா இவ்வளவு நேரம் சொல்லலை?"

"நாயின்னு சொன்னா எனக்கு யாரு என்னா குடுப்பா? நீங்க குடுப்பீங்களா?" அக்கா அவரை நேராகப் பார்த்தார். "செந்நாயின்னு நீங்களாத்தான் சொன்னீங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். இந்தப் புள்ள தன் நாயின்னு இத்தனை பேருக்கு முன்னால சொல்லுது. அதுக்கப்புறமும் நான் மூடிக்கிட்டு இருந்தா நல்லா இல்ல." பிறகு மஞ்சப்பைக்காரர் பக்கம் திரும்பினார். "கன்னு என்னோடது. அதுல ஒரு சொட்டு மருந்து பட்டுச்சுன்னா ஒங்க வீட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்குவேன். போயி மம்முட்டி எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் போனார். அவரே போய் மண்வெட்டி எடுத்து வந்தார். குழியை ஆழமாக வெட்டச் சொன்னேன், வெட்டினார்கள். கன்றை இறக்கும்போது அக்கா ஒரே ஒரு தடவை அதன் கிழிந்த காதைத் தொட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பையிலிருந்த தண்ணியைக் குடித்து அடக்கிக்கொண்டேன்.

மண்ணைத் தள்ளி முடித்ததும், மெம்பர் மறுபடியும் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "புதைச்சாச்சுல்ல, இனி மருந்து பயமும் இல்ல. பேப்பர்ல மட்டும் செந்நாய்ன்னு எழுதிருங்க. அந்த அம்மாவுக்காகத்தானே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. இன்றைக்கு இரக்கப்பட்டு எழுதுகிற அந்தப் பெயர் நாளைக்கு ஆபீசில் ஒரு ஃபைலாக நிற்கும். இந்தக் கூட்டம் மாடு அடிக்கிற கூட்டம் என்று ஆகிவிடும். அடுத்த கன்று சாகும்போது விஷப் பாட்டிலுக்கு அதுவே ஆதாரமாகும். அடிக்கிற நாய்களோ ராத்திரி மறுபடியும் அவிழ்ந்து போகும்.

"மாட்டேனுங்க" என்றேன். "அக்காவோட நஷ்டத்துக்கு நான் பொறுப்பு, என் நாய் செஞ்சது. அதுக்காகச் செய்யாதவன் பேரை எழுத மாட்டேன்."

முழங்காலில் பேப்பரை வைத்து எழுதினேன். அக்கா எழுந்து வந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். "கன்று வீட்டு நாய்கள் கடித்ததால் இறந்தது. அந்த நாய்களில் ஒன்று இதில் கையெழுத்திட்டுள்ள மருத்துவருக்குச் சொந்தமானது."

அக்கா குனிந்து, நான் எழுதிய கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

"அதுக்குக் கீழ எங்க வீட்டு நாயையும் எழுதுங்க, டாக்டரம்மா" என்றார். "கன்னுகூட ஒரே சாக்குல படுத்துக் கெடந்த நாயி. அந்தக் கூட்டத்துல மொதல்ல கொரைச்சது அதுதான்."